எண்பத்தைந்துக்கு மேல் பேச்சில்லை

அந்த ஆள் என்னை ஏமாற்றிவிட்டார். சும்மா ஏமாற்றவில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே, என் சம்சாரத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஏமாற்றினார். முப்பது வருஷத் தொழிலில் என்னை ஏமாற்றினவன் எவனும் இரண்டாம் தடவை என் முன்னால் வந்து நின்றதில்லை. இவர் வருகிறார், பல்லைக் காட்டுகிறார், "என்ன மாப்ளே, சௌக்கியமா?" என்கிறார்.

நீங்கள் பாட்டுக்குக் கண்டக்டரிடம் சின்னக்காட்டுவலசில் ஏரோப்ளேன்காரர் வீடு எது என்று கேட்டீர்கள். கண்டக்டர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் சொல்கிறேன். இறங்க முக்கால் மணி நேரம் இருக்கிறது, காங்கேயத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். பையை மேலே போட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்காருங்க.

இந்தப் பக்கத்தில் ஏரோப்ளேன் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் காசைக் கொட்டி வாங்கினவர். நீங்கள் அவர் வீட்டுக்குத்தான் போகிறீர்கள். இன்னொருத்தன் கையால் செய்தவன். அவன் பேர் நாச்சிமுத்து, ஊர் பல்லடம், உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். வாங்கினவர் என் சம்சாரத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு இன்றைக்குப் பூராவும் பசிக்காது.

என்ன பார்க்கிறீங்க, ஏரோப்ளேன் வைத்திருக்கிறவன் ஏன் பஸ்ஸில் போகிறான் என்றா? எல்லாரும் கேட்பதுதான். ஏரோப்ளேன் நிற்பது வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம், மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் ஓடுதளத்தில். வீடு பல்லடத்தில். ஏரோப்ளேனிடம் போய்ச் சேரவே பஸ் வேண்டும்.

நான் எட்டாவதில் பெயிலானவன். பதினாலு வயசில் பஞ்சாலை வாசலில் பழைய இரும்பு பொறுக்கினேன். பதினெட்டில் ஒருத்தன் பித்தளை என்று சொல்லி முலாம் போட்ட இரும்பை என் தலையில் கட்டினான். இருபதில் அதே ஆளுக்கு அதே இரும்பை நான் விற்றேன். அதற்குப் பிறகு யாரும் சொன்ன விலைக்கு நான் ஒரு சாமானும் வாங்கினதில்லை. மூடுகிற மில்லில் மிஷின் ஏலம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பேன். கேட்பதில் என்ன போய்விடப் போகிறது? ஏரோப்ளேன் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். எட்டாவதோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். நாற்பத்திரண்டு வயசில் தனித்தேர்வு எழுதி மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணினேன். கணக்கில் தொண்ணூற்றொன்று. தமிழில்தான் இரண்டு தடவை போய்விட்டது.

எனக்கு இந்த ஆசை வந்ததே அந்த ஆளால்தான்.

அவர் கொப்பரை வியாபாரம், எண்ணெய் மில். பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி, இரண்டு மில்காரர்களோடு சேர்ந்து ஒரு ஏரோப்ளேன் வாங்கினார். நாலு பேர் உட்காரலாம். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்தது, வயசு என்னமோ என்னோடது. வெள்ளைப் பெயின்டு, நீலக் கோடு. நான் சுற்றிவந்து தட்டிப் பார்த்தேன். தகட்டைப் பிடிக்கிற ரிவிட்டு ஆணியில் இரண்டு ஆடிப்போயிருந்தது. சொன்னேன். "தட்டாதீங்க மாப்ளே, அதுக்கெல்லாம் காயிதம் இருக்குது" என்றார்.

இருந்தது. அலமாரி நிறைய இருந்தது. அந்த ஏரோப்ளேன் பிறந்த நாளிலிருந்து எந்தத் திருகை எவன் எப்போது திருகினான் என்று காகிதம். ஒரு தடவை கதவுத் தாழ்ப்பாள் உடைந்துபோச்சு. விரல் நீளம் கூட இல்லை. அதே தொழிற்சாலைத் தாழ்ப்பாள்தான் போட வேண்டுமாம், அது காகிதத்தோடுதான் வர வேண்டுமாம், முத்திரை வைத்திருக்கிற இன்ஜினீயர் வந்துதான் மாட்ட வேண்டுமாம். நாலு மாசம் ஏரோப்ளேன் கொட்டகையில் கிடந்தது, ஒரு தாழ்ப்பாளுக்கு. நான் லேத்தில் அரை மணி நேரத்தில் ஒன்று கடைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அசலை விடக் கெட்டி. அந்த ஆள் அதைக் கையில் வாங்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "ரொம்ப நல்லா இருக்குது மாப்ளே" என்று சொல்லி, கொண்டுபோய் வீட்டில் மாட்டுத்தொழுவத்துக் கதவில் மாட்டிவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. போனால் பாருங்க.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். நானே செய்வேன். செய்யலாமுங்க, சட்டம் இருக்கிறது. வரைபடம் வாங்கி, தகடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அதிகாரி வந்து பார்த்து, நாற்பது மணி நேரம் தனியாக ஓட்டிக் காட்டினால் பக்கத்தில் ஒரு ஆளை ஏற்றலாம். வாடகைக்கு ஓட்டக்கூடாது. பக்கத்து சீட்டுக்கு எதிரில் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும்: இது தனி ஆள் செய்தது, தொழிற்சாலை விமானத்துக்கு உள்ள விதிகள் இதற்குப் பொருந்தாது என்று. எழுத்தைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். இத்தனை அங்குலம் என்று அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து சீட்டு யாருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. பருவதத்துக்கு. என் சம்சாரம். இருபத்தெட்டு வருஷமாக என்னோடு பழைய இரும்புக்கு நடுவில் குடித்தனம் பண்ணுகிறாள். அண்ணன் ஏரோப்ளேனில் ஒரு தடவை ஏறி ஈரோடு வரைக்கும் போய்த் திரும்பினாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பஸ்ஸுல போன மாதிரியே இருந்துச்சுங்க, ஆட்டமே இல்லை" என்றாள். இது பாராட்டா? ஆகாயத்தில் போய்விட்டு வந்து பஸ் என்றால்? நான் செய்கிறதில் ஏறினால் இவள் வேறு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் என் கணக்கு. அந்த சீட்டை அவள் உயரத்துக்கு வைத்தேன். எடை என்ன என்று கேட்டால் பொம்பளை சொல்லுவாளா? பஞ்சு எடை போடுகிற தராசுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று வரச்சொல்லி, மேலே ஏற வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு. சீட்டுக்கு அடியில் தகடு எண்பத்தைந்து தாங்குகிற மாதிரி போட்டேன். தாராளம்தானே?

அந்த ஆள் வாராவாரம் என் பட்டறைக்கு வருவார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

"மாப்ளே, என்னுது மாதிரி ஒலகத்துல எத்தனை வண்டி ஓடுது தெரியுமா? ஏழெட்டாயிரம். அதுல எங்கயோ ஒரு மூலையில ஒண்ணுல ஒரு போல்ட்டு வெடிச்சுதுன்னா எனக்குக் கடுதாசி வந்துரும், உன்னுதையும் பாத்துக்கோன்னு. உங்குளுது ஒண்ணே ஒண்ணு. உங்குளுக்கு யாரு கடுதாசி போடுவா?"

இதற்குப் பதில் எனக்கு மூன்று நாள் கழித்து, குளிக்கும்போது வந்தது. "மச்சான், உங்க வண்டியில என்ன இருக்குதுன்னு கடுதாசி வந்தாத்தான் உங்குளுக்குத் தெரியும். என் வண்டியில ஒவ்வொரு ரிவிட்டும் நான் அடிச்சது. பதினோராயிரத்துச் சொச்சம். எனக்கு எதுக்குக் கடுதாசி?" ஈரத்தோடு போன் போட்டுச் சொன்னேன். "இதை யோசிக்க மூணு நாளா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஆறு வருஷம் ஆச்சு. எஞ்சின் மட்டும் பெட்டியில் வந்தது. அந்தக் கம்பெனிக்காரன் ஒரு ரூபாய் இறங்கவில்லை, இன்னும் வயிறு எரிகிறது. மற்றது எல்லாம் நான் பேசி முடித்ததுதான். அதிலும் அந்தப் போல்ட்டு இருக்கிறது பாருங்க, அதுதான் என் வாழ்நாள் பேரம்.

இறக்கையை உடம்போடு பிடித்து வைக்கிற போல்ட்டு. பன்னிரண்டு. காகிதத்தோடு வாங்கினால் ஒரு போல்ட்டு விலைக்கு ஒரு கறவை எருமை பிடித்துவரலாம். காகிதம் இல்லாமல் வாங்கினால் பெருங்காய டப்பா விலை. அதே இரும்பு, அதே மரை. பெங்களூரில் ஷெனாய் என்று ஒருத்தர் இந்தச் சாமான் விற்கிறார். போனேன். எனக்குக் காகிதம் வேண்டாம், இரும்பு மட்டும் கொடு என்றேன். அப்படிக் கிடையாது என்றார். மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னேன். சிரித்தார். எழுந்தேன், வாசல் வரைக்கும் போனேன், திரும்பினேன், டீ சொல்லச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் நகரவில்லை. கடைசியில் மனுஷன் உள்ளே போய் யாரிடமோ போன் பேசினார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். மூன்றில் ஒரு பங்குக்கு. பெங்களூர்க்காரனை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் சீட்டு மாறி உட்கார்ந்துவிட்டார்.

சொல்லாமல் இருப்பேனா? கல்யாணம், காதுகுத்து, டீக்கடை, எங்கே நாலு பேர் நின்றாலும் சொன்னேன். பட்டறைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு இறக்கைக்கு அடியில் குனிய வைத்து, "இந்தப் போல்ட்டு எவ்வளவுக்கு வாங்கினேன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்டேன். தொகையைச் சொன்னதும் அசந்துபோனார்கள். ஆனால் பாருங்க, ஓட்ட ஆரம்பித்ததும் முதல் ஆளாக வருகிறேன் என்று சொன்ன டீக்கடைக்காரருக்கு அப்போதுதான் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. என் ஆடிட்டருக்குத் தலைசுற்றல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். இந்தக் காலத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லைங்க.

பருவதமும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வாங்கின வெலையச் சொல்லாம அதுல ஒரே ஒரு சாமானைக் காட்டுங்க. அன்னிக்கே ஏறிக்கறேன்."

கூட்டிக்கொண்டு போய் சீட்டு பெல்ட்டைக் காட்டினேன். "பாரு, வெலையே சொல்லலை. ஆனாக் கேட்டீன்னா அசந்துருவே" என்றேன். அவள் வீட்டுக்கு நடந்துவிட்டாள். அண்ணன் தூபம் போட்டிருக்கிறார், வேறென்ன?

காகிதம்தானே உங்களுக்கெல்லாம் வேண்டும், நானே தருகிறேன் என்று திருப்பூர் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். நல்ல தடித்த அட்டை, மேலே பிள்ளையார், சுற்றிலும் மாங்காய்க் கொடி, தங்க எழுத்தில் தரச் சான்றிதழ். "பல்லடம் நாச்சிமுத்து ஆகிய நான், இந்த ஆகாய விமானத்தின் பன்னிரண்டு போல்ட்டுகளையும் தட்டியும் வளைத்தும் பார்த்ததில் அவை நல்லவை என உளமார உறுதி கூறுகிறேன்." கீழே என் கையெழுத்து. செய்தவன் கையெழுத்துப் போடாமல் வேறு எவன் போடுவான்? நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்றான் அச்சகத்துக்காரன். நூறு பிரதி அடித்தேன். தொண்ணூற்றெட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

அதிகாரி தேவசகாயம் சார் வந்தார். மெட்ராஸ்காரர், மெதுவாகப் பேசுவார், இளநீர்கூட வாங்கிக்கொள்ள மாட்டார். ஒரு நாள் பூராவும் டார்ச் அடித்துப் பார்த்தார். பதினோராயிரம் ரிவிட்டில் பதினாலைக் கழற்றி அடிக்கச் சொன்னார். அப்புறம், "இறக்கை போல்ட்டுக்கு ஆவணம்?" என்று கேட்டார்.

அட்டையைக் கொடுத்தேன். மனுஷன் நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். பிள்ளையாரிலிருந்து கையெழுத்து வரைக்கும். சிரிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் வச்சிக்கிறேன் சார். அசல் ஆவணம் காலையிலயே பார்த்துட்டேன். சரியா இருக்கு."

"எந்த அசலுங்க?"

"உங்க வீட்டம்மா கொடுத்தாங்களே, மஞ்சப் பையில. பன்னிரண்டுக்கும் இருக்கு. எந்த உலையில வார்த்தது, எப்போ இழுத்துப் பார்த்தது, எல்லாம்."

பையை வாங்கிப் பிரித்தேன். பன்னிரண்டு தாள், ஒவ்வொன்றிலும் முத்திரை, ஒவ்வொரு எண்ணும் என் போல்ட்டுத் தலையில் இருக்கிற எண். பதிமூன்றாவது தாள் ஷெனாய் கடை ரசீது. முழு விலை. நான் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு. பாக்கி இரண்டு பங்குக்கு எதிரில் அந்த ஆளின் பேர்.

புரிகிறதா உங்களுக்கு? இவர் வண்டிக்கும் சாமான் அந்தக் கடையில்தான், ஷெனாய் உள்ளே போய்ப் பேசின போன் இவரோடு பேசின போன். அவன் நான் கேட்டு இறங்கவில்லை. இவர் கொடுத்து இறங்கியிருக்கிறான். நான் வாசல் வரைக்கும் போனது, திரும்பினது, டீ சொன்னது, எல்லாம் நாடகம் மாதிரி அவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஊர் பூராவும் நான் சொல்லிக்கொண்டு திரிந்த பேரம், பேரமே இல்லை.

"அப்ப நான் பேசினது என்னாச்சுங்க சார்?" என்று கத்தினேன். பாவம், அவர் பயந்துவிட்டார். போல்ட்டு போலி என்று தெரிந்து கோபப்படுகிறவர்களை அவர் பார்த்திருப்பார். அசல் என்று தெரிந்து குதிக்கிறவனை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பருவதத்தைக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஆமா, எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

இதே பஸ்தான். நேராக அந்த ஆள் கொப்பரைக் களத்துக்குப் போனேன். இருபது பெண்கள் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலேயே கேட்டேன்.

"என் பேரத்துல எதுக்கு மச்சான் கையை வெச்சீங்க?"

"பேரத்துல வெக்கலை மாப்ளே. போல்ட்டுல வெச்சேன்."

"நான் கேட்டனா?"

"நீங்க எங்க கேப்பீங்க? அதான் ஷெனாய்கிட்ட நான் கேட்டுக்கிட்டேன்." குரலே உயரவில்லை அந்த மனுஷனுக்கு. "அதுல எந்தங்கச்சி உக்காரப் போறா. அவ உக்கார்ற வண்டிக்குக் காயிதம் வேணும். உங்குளுக்கு வேண்டாம்னா நீங்க படிக்காதீங்க."

"உங்க தங்கச்சி உக்கார மாட்டேங்கறா."

"உக்காருவா."

"அப்ப நீங்க மொதல்ல உக்காருங்க. காயிதம்தான் வந்துருச்சே. நாப்பது மணி நேரம் ஓட்டி முடிக்கறேன், வந்து பக்கத்துல உக்காருங்க."

"உக்கார்றேன்" என்றார். இருபது பேரும் கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து பருவதத்திடம் சொன்னேன். "எங்கண்ணன் ஏறி எறங்கட்டும். அடுத்த ஆளு நான்" என்றாள். சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அவள் அப்படிச் சொன்னால் மாற மாட்டாள்.

நாற்பது மணி நேரம் ஓட்டினேன். மழை, காற்று பார்த்து, ஏழு மாசம். அந்த ஆளோடது மாதிரி இல்லைங்க என்னோடது. அது கையை விட்டாலும் நேராகப் போகும், தூங்குமூஞ்சி. இது விரலை அசைத்தால் திரும்பும். கடைசிப் பத்து மணி நேரம் பக்கத்து சீட்டில் எடை ஏற்றி ஓட்ட வேண்டும் என்றார் தேவசகாயம் சார். எண்பத்தைந்து கிலோ மணல் மூட்டை. பெல்ட்டுப் போட்டு உட்கார வைத்தேன். அமராவதி மேலே திரும்பும்போது, "பாரு, எப்படித் தண்ணி போகுது" என்று மூட்டையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதீங்க. அது ஒன்றுதான் இதுவரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தது. விலை என்ன என்று கேட்கவில்லை, தலைசுற்றுகிறது என்று சொல்லவில்லை.

முடிந்ததும் போனேன், கூப்பிட. அந்த ஆள் புது வேட்டி கட்டித் தயாராகத்தான் இருந்தார். நான்தான் ஞாபகமாக, "எடை போட்டுரலாம் மச்சான்" என்றேன். கொப்பரைத் தராசில் ஏறி நின்றார்.

தொண்ணூற்றேழு.

"பன்னண்டு கிலோதானே மாப்ளே, போலாம் வாங்க."

"பன்னண்டு கிலோதானே இல்லீங்க. பன்னண்டு கிலோ."

"செருப்பு, செல்போனு, சாவிக்கொத்து?"

"எல்லாம் கீழ வெச்சுட்டுத்தான் ஏறுனீங்க. இனி வேட்டிதான் பாக்கி."

களத்துப் பெண்கள் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார்.

"பெட்ரோலைக் கொறைச்சு ஊத்துங்க."

"அது மொத்த எடைக்குங்க. இது அந்த சீட்டுக்கு. அடியில தகடு எம்பத்தஞ்சுக்குப் போட்டது."

"தகட்டை மாத்துங்க."

"மாத்துனா மறுக்கா ஆபீசரு, மறுக்கா காயிதம், மறுக்கா மணல் மூட்டை."

"என் தாழ்ப்பாளுக்கு நாலு மாசம் காத்துக் கெடந்தப்ப விழுந்து விழுந்து சிரிச்சீங்களே மாப்ளே."

"அது வேற, இது வேற" என்றேன். வேறுதானே? அது தாழ்ப்பாள்.

அப்போதுதான் அந்த ஆள் ஒரு வேலை செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு என் பக்கம் நீட்டினார். நீங்கள் மாட்டுச் சந்தை பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. விரலைப் பிடித்துவிட்டால் எங்கேயாவது ஒரு இடத்தில் முடிந்தே தீரும், முடியாமல் கையை எடுத்தால் மரியாதை இல்லை. "தொண்ணூறுக்கு முடிச்சுக்கலாமா, வாங்க" என்றார்.

என் கை தானாகப் போனதுங்க. முப்பது வருஷப் பழக்கம். துண்டைத் தொடுகிற தூரத்துக்குப் போய்விட்டது. போன கையை நான் இழுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கே அந்தக் கை யாரோடதோ மாதிரி இருந்தது.

"எம்பத்தஞ்சு மச்சான். பேச்சில்லை."

"எம்பத்தேழு?"

"எம்பத்தஞ்சு."

"நீங்களா மாப்ளே பேசறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் பருவதத்துக்குப் போன் போட்டு, "அம்மிணி, வண்டி நல்ல வண்டிதான்" என்றார். ஏறாமலேயே. எப்படித் தெரியுமாம் இவருக்கு? தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பருவதமும் அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் எனக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றினாள். ஏன் என்று தெரியவில்லை. ஏறுகிறாயா என்று கேட்டேன். "எங்கண்ணன் ஏறட்டும்னு சொன்னேன்ல, சொன்னது சொன்னதுதான்" என்றாள். ஒரு குடும்பமே இப்படி.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. எண்பத்தைந்தில் வந்து நில்லுங்க, அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, அது அவர் இஷ்டம். ஒரு வருஷம் ஆகிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுதளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறாராம். ராத்திரி கம்மங்கூழாம். எடையை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கச்சிக்குப் போனில் சொல்கிறார், அவள் காலண்டரில் எழுதிவைக்கிறாள். ஆடி மாசம் தொண்ணூற்றொன்றுக்கு வந்துவிட்டார். நான் எஞ்சினுக்கு எண்ணெய்கூட மாற்றினேன். ஆவணி பிறந்தது, முகூர்த்தம் வந்தது, ஊரில் ஒரு கல்யாணம் பாக்கி இல்லாமல் போய் உட்கார்ந்தார். தொண்ணூற்றைந்து. ஐப்பசியில் கொஞ்சம் குறைந்தது, கார்த்திகை பிறந்ததும் ஏறினது. இப்போது தொண்ணூற்றிரண்டில் நிற்கிறது. நடக்கிறதெல்லாம் என்னை ஏய்க்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? நிஜமாக ஏறுகிற ஆள் ஜிலேபியைத் தொடுவாரா?

காங்கேயம் தாண்டிவிட்டோம். நான் இன்னும் ரெண்டு ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். கொட்டகையைத் திறந்து ஒரு துடை துடைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆமா, கேட்கவே மறந்துவிட்டேன். நீங்கள் அந்த வீட்டுக்கு என்ன விஷயமாகப் போகிறீர்கள்?

பையனுக்குக் கல்யாணமா? பத்திரிகை வைக்கவா? எப்போது, இந்தக் கார்த்திகை இருபத்தேழா?

சமையல் யார்? அவரா? அவர் பாதாம் அல்வாவில் பேர் வாங்கினவராச்சே.

கொஞ்சம் இப்படித் திரும்பி உட்காருங்க. நான் சொல்கிறதை நன்றாக வாங்கிக்கொள்ளுங்க. பத்திரிகையை வையுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதை மரியாதைதான். மண்டபத்துக்கு வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்க, மைக்கில் பேரைச் சொல்லுங்க, மாலை போடுங்க, மாலை எடை எனக்குப் பரவாயில்லை. பந்தியில் மட்டும் உட்கார வைக்காதீங்க. உட்கார்ந்துவிட்டால் அல்வா வாளி அந்தப் பக்கம் போகக்கூடாது. மோர் ஊற்றுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பத்திரிகை கொடுத்த கையோடு நான் சொன்னதாகச் சொல்லுங்க. ஷெனாயைச் சரிக்கட்டினீங்க, தங்கச்சியைச் சரிக்கட்டினீங்க, தராசைச் சரிக்கட்ட முடியாது என்று சொல்லுங்க. போல்ட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார், நானும் இரண்டு பங்கில் பாதிக்கு மேல் தருவதாக இல்லை, அது எக்கேடோ கெடட்டும். என் பேரத்தைக் கெடுத்ததற்கு எனக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழு கிலோ. ஆறரை கிடையாது. இருபது பொம்பளைகள் முன்னால் உட்கார்கிறேன் என்று சொன்னவர் வந்து உட்காரச் சொல்லுங்க. தை பிறக்கிறதுக்குள்ளே, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்க.